வரத்தைத் தேடி உட்கார்ந்திராமல் வேலையைத் தொடங்குங்கள்: சபைக்குப் புதியவர்களுக்கு ஓர் ஊழிய வழிகாட்டி

ஞானஸ்நானம் பெற்று, சபையில் சேர்ந்து, சில மாதங்கள் ஒழுங்காக ஆராதனைக்கு வந்தபிறகு பெரும்பாலானவர்கள் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: "கர்த்தர் எனக்கு என்ன வரம் கொடுத்திருக்கிறார்?" நல்ல கேள்விதான். ஆனால் விடை தெரிந்த பிறகுதான் எதையும் தொடுவேன் என்று காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பாடுகிற வரமா, போதிக்கிற வரமா, ஜெபிக்கிற வரமா என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள், நாற்காலிகளை எடுத்துப்போட ஆளில்லாமல் யாரோ ஒரு முதியவர் தனியாகத் திணறிக்கொண்டிருப்பார்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரம் எது என்பது அந்த வேலைக்குள்தான் தெரியவரும். இதற்கு வேதத்திலேயே தெளிவான முன்மாதிரி இருக்கிறது; அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில், வேதம் தரும் பட்டியல்கள்

வரங்களைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் முக்கியமாக நான்கு பகுதிகள் உண்டு. ரோமர் 12:6-8 ஏழு வரங்களைச் சொல்கிறது: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை ஏற்றல், இரக்கம் காட்டுதல். 1 கொரிந்தியர் 12:8-10 ஒன்பது வரங்களைத் தருகிறது. அதே அதிகாரத்தின் 28ஆம் வசனம் இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறது. எபேசியர் 4:11 சபைக்குக் கொடுக்கப்பட்ட ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. 1 பேதுரு 4:10-11 எல்லாவற்றையும் இரண்டே வகையாகச் சுருக்கிவிடுகிறது: பேசுகிறவர்கள், உதவிசெய்கிறவர்கள். ஒரு மாலையில் உட்கார்ந்து இந்த நான்கையும் படித்துவிடலாம். படித்துவிட்டே மேலே வாருங்கள்.

படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். இந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பவுல் ஒரே நிருபத்தின் ஒரே அதிகாரத்தில்கூட இரண்டு விதமாக எழுதுகிறார். அப்படியானால் இவை எதையும் விட்டுவிடாமல் எண்ணி முடித்த கணக்குகள் அல்ல. தேவன் எப்படியெல்லாம் கொடுக்கிறார் என்பதற்கான எடுத்துக்காட்டுகள். கைத்தொழிலும் இசையும் இந்த நான்கிலும் இல்லை. ஆனால் யாத்திராகமம் 31இல், ஆசரிப்புக் கூடாரத்தின் பொன், வெள்ளி, வெண்கல வேலைகளையும் கல் வெட்டுவதையும் மரம் செதுக்குவதையும் செய்வதற்காக, பெசலெயேல் என்பவனைத் தேவஆவியினால் நிரப்பியதாகக் கர்த்தரே சொல்கிறார். வேதத்தில் ஆவியினால் நிரப்பப்பட்டதாக ஒருவர் பெயரோடு குறிக்கப்படுவது இங்கேதான் முதல்முறை. அவர் ஒரு கைவினைஞர் என்பதைத் தச்சர்களும் தையல்காரர்களும் மின்பணியாளர்களும் மறக்கக்கூடாது.

இங்கே புதியவர்களுக்குச் சில குழப்பங்கள் வரும். கலாத்தியர் 5:22-23 சொல்லும் ஆவியின் கனி வேறு, வரம் வேறு. வரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். அன்பு, நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் முதலான கனி எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது. "எனக்குப் பொறுமை வரம் இல்லை" என்று யாரும் தப்பிக்க முடியாது. கத்தோலிக்க மறைக்கல்வியில் கற்ற ஞானம், புத்தி, ஆலோசனை என்று தொடங்கும் ஏழு கொடைகள் ஏசாயா 11ஆம் அதிகாரத்தை ஒட்டியவை. அவை மேலே சொன்ன பட்டியல்களிலிருந்து வேறானவை. அந்நிய பாஷை, குணமாக்கும் வரம் போன்றவை இன்றும் தொடர்கின்றனவா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சேர்ந்த புதிதில் அந்த விவாதத்தில் இறங்காதீர்கள். உங்கள் சபை என்ன போதிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கைக்கு எட்டும் வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று, மத்தேயு 25இல் வரும் தாலந்து உவமை. எஜமான் ஒருவன் தன் பணத்தை மூன்று வேலைக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளாக ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ஒரு தாலந்து பெற்றவனைப் பரிதாபத்துக்குரிய ஏழையாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு தாலந்து என்பது அந்தக் காலத்துக் கூலிக்காரர் ஒருவரின் ஏறக்குறைய இருபது ஆண்டுச் சம்பளம். எஜமான் அவனுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கவில்லை. ஐந்து தாலந்துக்காரனும் இரண்டு தாலந்துக்காரனும் கேட்ட பாராட்டு ஒரே பாராட்டு என்பதையும் 21, 23 ஆகிய வசனங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

கையில் இருப்பதை எழுதிப் பாருங்கள்

எரிகிற முட்செடியின் முன்னால் தயங்கி நின்ற மோசேயிடம் கர்த்தர் கேட்டது, "உன் கையிலிருக்கிறது என்ன?" என்பதுதான். இருந்தது ஒரு மேய்ப்பனின் கோல். அதே கேள்வியை ஒரு தாளின் தலைப்பாக எழுதுங்கள். அதன் கீழே, ஆவிக்குரியது, உலகத்துக்குரியது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். தெரிந்த தொழில், பேசும் மொழிகள், ஓட்டத் தெரிந்த வண்டி, கணக்கு எழுதும் பழக்கம், கையெழுத்து, சமையல், பத்துப் பேர் உட்காரக்கூடிய ஒரு வீடு, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவம், யார் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை.

வேதத்தில் இப்படிப்பட்ட ஆட்கள் நிறைய உண்டு. மேடைக்காரர்களையே பார்த்துப் பழகியதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. ரோமருக்கு எழுதின நிருபம் பவுல் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. எழுதிய கை தெர்தியு என்பவருடையது. 16:22இல் ஒரே ஒரு வாழ்த்தில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறார். யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் உடைகளையும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்கிறவர்கள். பவுல் தங்கி வேலைசெய்ய அவர்கள் வீடு இருந்தது, பின்பு சபை கூடவும் அவர்கள் வீடு இருந்தது.

பட்டியலில் பட்ட துன்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நோயைக் கடந்தவர், பிள்ளையை இழந்தவர், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், வேலை போய் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர் ஆகியோருக்கு வேறு யாரும் நுழைய முடியாத வீடுகளில் அனுமதி கிடைக்கும். தாங்கள் பெற்ற ஆறுதலினாலேயே மற்றவர்களைத் தேற்றும் திராணி வருகிறது என்று பவுல் 2 கொரிந்தியர் 1:4இல் எழுதுவது இதைத்தான். ஆனால் காயம் இன்னும் ஆறாமல் இருந்தால் அதை எழுதிவைத்துவிட்டு, இப்போதைக்கு வேறு வேலையை எடுங்கள்.

கடைசி வரியில் நேரத்தை எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் கையில் இருக்கிறது? பச்சைக் குழந்தை உள்ள தாய்க்கு ஒரு மணி நேரம்தான் இருக்கலாம். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. அந்த வசனம் காணிக்கையைப் பற்றியது. நேரத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

பிறகு சபையைப் பாருங்கள்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணைத் திறந்துவைத்துக் கவனியுங்கள். கதவைத் திறப்பவர் யார், கடைசியில் விளக்கை அணைப்பவர் யார்? எந்த வேலையை ஒரே ஆள் மாற்றில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்? முதல்முறை வந்தவர் யாரும் பேச்சுக் கொடுக்காமல் திரும்பிப் போகிறாரா? முன்பு வந்துகொண்டிருந்த எந்த முகம் காணாமல் போயிருக்கிறது? பிறகு இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகக் கேளுங்கள். போதகரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஆலயத்தைச் சுத்தம்செய்பவருக்கும் ஞாயிறுபள்ளியை நடத்துபவருக்கும் போதகருக்குத் தெரியாத தேவைகள் தெரியும்.

முன்மாதிரி என்று தொடக்கத்தில் சொன்னது அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுந்தது: கிரேக்க மொழி பேசிய யூதரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போகிறார்கள். அதைச் சரிசெய்ய ஏழுபேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் ஆகிய மூன்றும் அந்த வேலைக்குத் தகுதிகளாக வைக்கப்பட்டன. பந்தியைக் கவனிக்கும் வேலைக்குப் போய் இவ்வளவு தகுதியா என்று நமக்குத் தோன்றலாம், அப்போஸ்தலருக்குத் தோன்றவில்லை. அந்த ஏழுபேரில் ஒருவர் பிலிப்பு. இரண்டு அதிகாரம் தள்ளிப் பார்த்தால் அவர் சமாரியாவில் கிறிஸ்துவைப் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 21:8இல், பவுல் செசரியாவில் தங்கும்போது அந்த வீட்டுக்காரர் "சுவிசேஷகனாகிய பிலிப்பு" என்றே அழைக்கப்படுகிறார். ஏழுபேரில் ஒருவர் என்ற பழைய பொறுப்பும் கூடவே சொல்லப்படுகிறது. சுவிசேஷகர் வேண்டும் என்று யாரும் அவரை எடுக்கவில்லை. விதவைகளுக்கு உணவு ஒழுங்காகப் போய்ச்சேர ஆள் வேண்டியிருந்தது, அதற்கு எடுத்தார்கள்.

வரத்தைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வித்தாள்கள் பல சபைகளில் புழக்கத்தில் இருக்கின்றன. நிரப்பிப் பாருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் உங்களுக்கு எதில் விருப்பம் என்பதைத்தான் அவை காட்டும். உங்களால் யாருக்குப் பயன் என்பதை ஒரு தாள் சொல்ல முடியாது.

எப்படிப் போய்க் கேட்பது

கையில் இருப்பதும் கண்ணில் பட்ட தேவையும் எங்காவது ஓரிடத்தில் சந்திக்கும். அங்கே ஒரு சிறிய வேலையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொறுப்பானவரிடம் பேசுங்கள். "எனக்குப் பாடும் வரம் இருக்கிறது, வாய்ப்புக் கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். இப்படிக் கேட்கலாம்: "ஐயா, ஞாயிறுபள்ளியில் உதவிக்கு ஆள் தேவைப்படுமா? மூன்று மாதம் ஆசிரியர் ஒருவரோடு கூட இருந்து கற்றுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சரியாக வருகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்."

இப்படிக் கேட்பதில் மூன்று நன்மைகள் உண்டு. வேலை எது என்று தெளிவாகிறது. ஒரு முடிவுத் தேதி இருப்பதால், பொருந்தாவிட்டால் யாருக்கும் சங்கடமில்லாமல் விலகிக்கொள்ளலாம். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொண்டு வரவில்லை என்பதும் தெரிகிறது.

உடனே பொறுப்புக் கொடுக்கவில்லையென்றால் மனம் சோர்ந்துவிடாதீர்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைச் சபையை நடத்தும் கண்காணியாக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. உதவிக்காரர்கள் முதலில் சோதிக்கப்படட்டும் என்கிறது 3:10. அவசரமாக ஒருவர்மேல் கைகளை வைக்காதே, அதாவது ஊழியப் பொறுப்பில் அமர்த்தாதே, என்று அதே நிருபத்தில் மறுபடியும் வருகிறது. உங்கள் பின்னணியை விசாரிக்கும் சபை உங்களை அவமதிக்கவில்லை, தன் மந்தையைக் காக்கிறது. யார் எவர் என்று கேட்காமல் வந்த வாரத்திலேயே பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைக்கிற சபையைக் கண்டால்தான் கவலைப்படவேண்டும். கேட்டும் பதில் வராவிட்டால், மறந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

முதல் மூன்று மாதங்கள்

எந்த வேலையானாலும் பொதுவான ஒழுங்கு ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாக வாருங்கள், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லுங்கள், அவர்கள் செய்கிற முறையிலேயே செய்யுங்கள். "எங்கள் அலுவலகத்தில் இதை இப்படிச் செய்வோம்" என்ற யோசனைகளைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவற்றில் பாதிக்கு ஏற்கெனவே காரணம் இருந்தது என்று புரியும். மீதிப் பாதியைச் சொல்லும்போது கேட்க ஆள் இருக்கும். துறைவாரியாகக் கவனிக்கவேண்டியவை கீழே.

பணம். காணிக்கையை எண்ணும் பொறுப்பு கிடைத்தால், தனியாக ஒருபோதும் எண்ணாதீர்கள். எப்போதும் இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள், எண்ணி எழுதிக் கையொப்பமிடவேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பையை வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான நன்கொடையைக் கொண்டுபோகும்போது பவுல் தன்னோடு மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கவேண்டும் என்று 2 கொரிந்தியர் 8:20-21இல் காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு நமக்கு வேண்டாமா?

பிள்ளைகள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கவேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் கைபேசியில் பேசவோ செய்தி அனுப்பவோ வேண்டாம். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையை உங்களிடம் சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னதற்காக அந்தப் பிள்ளையை மெச்சிவிட்டு, அன்றைக்கே பொறுப்பானவர்களிடமும், சட்டம் சொல்லும் அதிகாரிகளிடமும் தெரிவிக்கவேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

நோயாளிகளையும் துக்கத்தில் இருப்பவர்களையும் சந்திப்பது. இதுதான் புதியவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு போய் மிகுந்த சேதம் விளைவிக்கக்கூடிய இடம். யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது அத்தனையும் சரி. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் சுருக்கமாக ஜெபியுங்கள். எந்தப் பாவத்தினால் இந்த நோய் வந்தது என்று ஆராயாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் உறவினர் ஒருவர் அதே நோயில் இறந்த கதையை அங்கே சொல்லாதீர்கள். அந்த வீட்டில் கேட்டதை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பமாக எடுத்து வைக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற போர்வையில் பரவும் புறங்கூறுதல், சாதாரணப் புறங்கூறுதலைவிட வேகமாகப் போகும்.

இசை. தாவீதின் ஏற்பாட்டில், கர்த்தரின் பாட்டுகளைக் கற்று நிபுணரான 288 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 வகுப்புகளில் முறைவைத்து ஊழியம் செய்தார்கள் என்று 1 நாளாகமம் 25 சொல்கிறது. வரம் இருந்தவர்களும் பயிற்சி பெற்றார்கள். லேவியர்கள் ஊழியத்துக்கு வரும் வயது எண்ணாகமம் 4இல் முப்பது என்றும், 8இல் இருபத்தைந்து என்றும் இருக்கிறது; இடையிலுள்ள ஐந்தாண்டு கற்றுக்கொள்ளும் காலம் என்பது பழைய யூத விளக்கம். ஆகவே ஒத்திகைக்கு வராமல் ஆவியானவர் நடத்துவார் என்று நேரே மேடையேறாதீர்கள். இன்னொன்று: பாடுபவரின் குரலுக்கு அழகாக அமையும் சுருதி பல நேரங்களில் சபையாருக்கு எட்டாது. சபையார் பாடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் சுருதியை இறக்குங்கள்.

போதித்தல். போதிக்கிறவர்களுக்கு அதிகக் கடுமையான தீர்ப்பு உண்டு என்று எச்சரிக்கும் யாக்கோபு 3:1 படித்தபிறகும் ஆசை இருந்தால், ஒரு சிறு குழுவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து நடத்திப் பாருங்கள். அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், பேச்சில் வல்லவர்; ஆனாலும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். அவர் கேட்டுக்கொண்டார். திருத்தப்படும்போது எப்படி எதிர்வினை செய்கிறீர்கள் என்பதிலேயே போதகருக்குரிய வரம் இருக்கிறதா என்று பாதி தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கி, ஒளிபரப்பு, வண்டி நிறுத்தம், சமையல், சுத்தம் ஆகியவற்றுக்குப் புதிதாக விதி எதுவும் தேவையில்லை. கற்றுக்கொடுப்பவர் சொல்வதைக் கேட்டாலே போதும்.

வரம் எது என்று எப்படித் தெரியும்

மூன்று மாதம் முடிந்ததும் உட்கார்ந்து பாருங்கள். ஆவியானவரின் அநுக்கிரகம் பொதுவான பிரயோஜனத்துக்கென்று அளிக்கப்படுவதால், முதல் கேள்வி பிறரைப் பற்றியதாகவே இருக்கவேண்டும்: யாருக்காவது பயன் கிடைத்ததா? நீங்கள் வராத வாரத்தில் யாராவது தேடினார்களா? இரண்டாவது, நீங்கள் கேட்காமலேயே மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? சீப்புரு தீவைச் சேர்ந்த யோசே என்ற லேவியருக்கு, ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்ற பெயரை அப்போஸ்தலர்தான் கொடுத்தார்கள். அவர் தானே சூட்டிக்கொள்ளவில்லை. பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலுக்கு எல்லாரும் பயந்து ஒதுங்கியபோது அவரைச் சேர்த்துக்கொண்டு போய் அறிமுகப்படுத்தியவரும், பிறகு அந்தியோகியாவில் ஆள் வேண்டியபோது தர்சு வரை போய் அவரைத் தேடி அழைத்துவந்தவரும் அவரே. மற்றவர்கள் பார்த்தது சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது அடையாளம் கொஞ்சம் நுட்பமானது. ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு குறையைத்தான் முதலில் பார்க்கும். ஒரே கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மூன்று பேரில் ஒருவர், "வசனத்தைத் தவறாக விளக்கினார்கள்" என்பார்; இன்னொருவர், "பின்வரிசையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை" என்பார்; மூன்றாமவர், "அரை மணி நேரம் தாமதம், யாரிடமும் திட்டமில்லை" என்பார். உங்களை அடிக்கடி உறுத்தும் குறை எதுவோ, அதை நிறைவாக்கும் வரம் பெரும்பாலும் உங்களிடம்தான் இருக்கும். அதைப் புகாராகச் சொல்லிக்கொண்டே இருப்பதா, கைகொடுப்பதா என்பது உங்கள் முடிவு.

மகிழ்ச்சியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். மோசே வேறு யாரையாவது அனுப்பும் என்று மன்றாடினார், எரேமியா நான் சிறுபிள்ளை என்றார், யோனா கப்பலேறி ஓடிப்போனார். வேலை களைப்பைத் தருகிறதா என்று பார்ப்பதைவிடக் கசப்பைத் தருகிறதா என்று பாருங்கள். களைப்பு ஓய்வில் தீர்ந்துவிடும். கசப்பு நீடித்தால் இடம் மாற்றிப் பார்க்கவேண்டும்.

முகத்துக்கு நேராக உண்மை பேசும் இருவரிடம் கருத்துக் கேளுங்கள். "இது உனக்கு அமையவில்லை" என்று அவர்கள் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ராகம் பிடிபடாதவர் இருக்கையில் நின்று சத்தமாகப் பாடட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை.

சறுக்கும் இடங்கள்

வரம் இருப்பதனால் ஒருவர் ஆவிக்குரியவர் ஆகிவிடமாட்டார். கொரிந்து சபை யாதொரு வரத்திலும் குறைவில்லாத சபை என்று பவுல் 1 கொரிந்தியர் 1:7இல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் அதே சபையை மாம்சத்துக்குரியவர்கள், குழந்தைகள் என்கிறார். வரங்களைப் பற்றிய 12ஆம், 14ஆம் அதிகாரங்களுக்கு நடுவே அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம் இருப்பது திருமண விழாக்களில் வாசிப்பதற்காக அல்ல. அவர்கள் வரங்களை வைத்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு பக்கமும் இழுக்கும். "நான் கையல்ல, காலானபடியால் சரீரத்தின் அவயவமல்ல" என்று சோர்வதும், கண் கையைப் பார்த்து "நீ எனக்கு வேண்டியதில்லை" என்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். 1 கொரிந்தியர் 12:28இல் குணமாக்கும் வரங்களுக்கு அடுத்தபடியாக உதவிசெய்வதும் நிர்வகிப்பதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பந்தி பரிமாறுகிறவரை நாம்தான் கீழ்ப்படியில் நிறுத்தினோம்.

"எனக்கு அந்த வரம் இல்லை" என்பதைச் சாக்காகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. கொடுக்கும் வரம் இல்லாதவரும் கொடுக்கவேண்டும், இரக்கத்தின் வரம் இல்லாதவரும் இரங்கவேண்டும். வெள்ளம் வந்து ஆட்கள் தவித்துக்கொண்டிருக்கும் நாளில் நான் போதிக்கிற வரம் பெற்றவன் என்று ஒதுங்கி நிற்க முடியுமா?

வேலை நன்றாகச் செய்தால் இன்னும் ஐந்து வேலை வந்து சேரும். சபைகளில் இது எழுதப்படாத சட்டம். காலையிலிருந்து மாலைவரை மோசே ஒருவனாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமன் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது, தனித்துப் போய்ச் சற்றே இளைப்பாறும்படி இயேசுவே அழைத்தார். மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: "இப்போது கையில் இருக்கும் வேலையைச் சரியாகச் செய்ய விரும்புகிறேன், இதையும் எடுத்தால் இரண்டும் கெட்டுவிடும்." விளக்கம் அவ்வளவு போதும். சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதால், குடும்பத்தைப் பட்டினி போட்டுச் செய்யும் ஊழியத்துக்கு வேதத்தில் ஆதரவு தேட முடியாது.

ஆலய வளாகத்துக்கு வெளியே

வாரத்தில் ஆறு நாள் நீங்கள் வேறிடத்தில்தான் இருக்கிறீர்கள். யோசேப்பின் நிர்வாகத் திறமை எகிப்தின் களஞ்சியங்களில் செலவானது. தானியேல் பாபிலோனிய, பெர்சிய அரசுகளின் அலுவல்களைக் கவனித்தார். நேர்மையாகக் கணக்கு எழுதுவதும், நோயாளியைப் பொறுமையாகக் கவனிப்பதும், மாணவனை அவமானப்படுத்தாமல் திருத்துவதும் ஊழியத்துக்கு வெளியே உள்ளவை அல்ல. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களும் நோயாளிகளும், சபையாரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவராக ஜெபிக்கலாம், தொலைபேசியில் நலம் கேட்கலாம். அப்படி ஒருவர் இருக்கும் சபைக்கு, காணாமல் போன ஆட்கள் யார் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஒப்படைப்பதும் வேலையின் பகுதி

ஓராண்டு கடந்து வேலை கைக்குள் வந்தபிறகு, இன்னொருவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னிடம் கேட்டதை உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவிக்கவேண்டும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கவேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது (2 தீமோத்தேயு 2:2), ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறையை அடுக்கிவிட்டார். முதலில் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். பிறகு சேர்ந்து செய்யுங்கள். பிறகு அவர் செய்ய நீங்கள் பாருங்கள். சாவி எங்கே, யாரிடம் எந்தப் பொருள் இருக்கிறது, எந்தக் கடமை எந்த வாரம் வரும் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். பொறுப்பைக் கொடுத்த பிறகு அவர் உங்களைப் போலச் செய்யமாட்டார். அவர் கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு வேறொரு மூலையில் ஆள் தேவைப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.